பெருமாளைத் தூக்கிய கட்டைவிரல்

ஸ்ரீவத்ஸன் என்று கேட்டால் மயூர் விஹாரில் யாருக்கும் சட்டென்று தெரியாது. பல்லக்கில் முன்பக்கம், இடது தோள் என்று சொல்லிப் பாருங்கள். “அட, நம்ம வத்ஸன் மாமாவா!” என்று முகம் மலர்ந்து, எந்த மாடி, எந்தக் கதவு, காலிங் பெல் வேலை செய்யாது தட்டுங்கோ என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

மனிதருக்கு வாழ்க்கையில் வாய்த்த பெருமை அந்த ஒன்றுதான். மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ரிடையர் ஆனவர். அவர் உள்ளே உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல் விளக்கை அணைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு போன அதிகாரிகள் உண்டு. உயரம் ஐந்தடிக்கு மேல் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டால் பேச்சு மழைக்கோ மெட்ரோவுக்கோ தாவிவிடும். ஆனால் பங்குனி உத்திரத்தன்றும் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும், பூங்காவை ஒட்டின சின்னப் பெருமாள் கோவிலிலிருந்து பல்லக்கு கிளம்பும்போது, மேலே பெருமாள், கீழே வத்ஸன். டில்லியில் ஹாரன் அடிக்காமல் ஒருவன் வண்டியை ஓரம் கட்டுகிறான் என்றால் சும்மாவா? அந்த ஒரு மணி நேரம் அவருக்காகவும்தான் கட்டுகிறான் என்று வத்ஸன் மனசுக்குள் எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

பல்லக்கைத் தூக்க நாலு பேர். பின்னால் இருக்கும் இரண்டு பேர் அடிக்கடி மாறுவார்கள். குருகிராமில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள், இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் புனேக்குப் போய்விடுவார்கள். முன்னால் இரண்டு பேரும் மாறியதே இல்லை. இடது தண்டு வத்ஸன், வலது தண்டு விஸ்வநாதன். விஸ்வநாதன் நெடுநெடுவென்று வளர்ந்த ஐயர், நெற்றி நிறைய விபூதியோடு பெருமாளுக்குத் தோள் கொடுப்பவர். அவர் மனைவி பெயர் விசாலாக்ஷி. இந்த ஜோடி காசியில் அல்லவா இருக்கவேண்டும், இங்கே என்ன வேலை என்று யாராவது சீண்டினால், “டில்லியில கிடைச்ச ஸ்வாமியைத் தூக்கணும் சார், பொறுக்கிண்டு நின்னா முடியுமா?” என்பார்.

இந்த இடத்தில் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். வத்ஸனுக்கு அந்த இடது தண்டு தற்செயலாகக் கிடைத்தது. கோவிலுக்குப் பல்லக்கு வந்த முதல் வருஷம், விஸ்வநாதனுக்கு ஜோடியாக அவர் உயரத்துக்கே ஒருவரைப் பார்த்து வைத்திருந்தார்கள். அந்த மனிதருக்குத் திடீரென்று போபாலுக்கு மாற்றல் வந்து மூட்டை கட்டப் போய்விட்டார். குடை பிடிக்க வந்த வத்ஸனை, “இன்னிக்கு ஒரு நாள் சமாளியுங்கோ” என்று கோவில் காரியதரிசி தண்டின் கீழே தள்ளினார். பல்லக்கு எழுந்தது. எழுந்த கையோடு இடது பக்கம் சாய்ந்தது. காரியதரிசியின் கண் கூட்டத்தில் வேறு ஆளைத் தேட ஆரம்பித்தது. வத்ஸன் அந்தக் கண்ணைப் பார்த்தார். சத்தம் போடாமல் இடது குதிகாலைத் தூக்கிக் கட்டைவிரலில் எக்கினார். பல்லக்கு நேரானது. அன்று தூக்கிய குதிகாலைப் பல்லக்கின் கீழ் அவர் பிறகு இறக்கவே இல்லை. வேஷ்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொள்வார். அதனால் யாருக்கும் தெரியாது, வீட்டில் ஹம்சாவுக்கும் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், இதனால் அந்தப் பல்லக்குக்கு ஒரு தனி நடை வந்துவிட்டது. போகும்போது இடது பக்கம் ஒரு துளி ஏறும், வலது பக்கம் ஒரு துளி இறங்கும், அப்புறம் இரண்டும் மாறிக்கொள்ளும். பெருமாள் ஒய்யாரமாக ஆடிக்கொண்டே வருவார். மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். “நம்ம பெருமாள் நடை யாருக்கு வரும்!” என்று ஆரம்பித்து, மயூர் விஹார் நடை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு தடவை நொய்டாவிலிருந்து வேறொரு கோவில்காரர்கள் கற்றுக்கொள்ள வந்து போனில் வீடியோ எல்லாம் எடுத்தார்கள். வத்ஸனும் விஸ்வநாதனும் பெரிய வித்வான்கள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, “அது சொல்லித் தர்றதில்லை, தானா வரணும்” என்று அனுப்பி வைத்தார்கள். எப்படி வருகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது என்பதுதான் உண்மை.

காலம் போய் கட்டைவிரல் கணக்கைத் தீர்க்க வந்தது. விரல் பாதத்தோடு சேரும் மூட்டில் ஒரு முண்டு கிளம்பியது. மெட்ரோ படியில் ஏறினால் உயிர் போனது. செருப்பில் நுழைத்தால் வலி, எடுத்தால் வலி, ஹம்சாவின் புடவைத் தலைப்பு பட்டால்கூட வலி. போன புரட்டாசியில் பல்லக்கின் கீழ் எக்கியபோது வத்ஸன் வாயிலிருந்து வந்த “அம்மா!”வைப் பக்திப் பரவசம் என்று நினைத்துப் பின்னால் வந்த கூட்டமே “கோவிந்தா!” என்றது. மறுநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் எலும்பு டாக்டரிடம் போனார்.

டாக்டர் மெஹ்ரா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து விசில் அடித்தார். வாய் ஓயாத மனிதர், கையும் ஓயாது. “அங்கிள்ஜி, இங்கே மூட்டே இல்லை. எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருக்கிறது. நீங்கள் என்ன, டான்ஸரா?” என்று இந்தியில் கேட்டார்.

“செக்‌ஷன் ஆபீசர்” என்றார் வத்ஸன்.

மாத்திரையும் ஊசியும் கொஞ்ச நாள்தான் தாங்கும் என்றார் டாக்டர். நிரந்தரமாக வலி போக வேண்டுமென்றால் அந்த இரண்டு எலும்பையும் ஒரு சின்ன உலோகத் தட்டும் ஸ்க்ரூவும் வைத்து ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். எலும்பு ஒட்டிவிடும், வலி போய்விடும், நன்றாக நடக்கலாம். “மூட்டே இல்லாத இடத்தில் மூட்டுவலி எங்கிருந்து வரும்?” என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

“விரல் மடங்குமா?”

“மடங்கவே மடங்காது.”

மடங்காத விரலால் எக்க முடியாது. எக்க முடியாதவனுக்கு இடது தண்டு கிடையாது. இடது தண்டு போனால் அப்புறம் மயூர் விஹாரில் ஸ்ரீவத்ஸன் என்று ஒருவன் இருக்கிறானா என்ன? அவர் எழுந்து போயிருப்பார். அந்த நேரம் பார்த்து டாக்டர் இன்னொன்று சொன்னார். தினமும் என்ன ஷூ போடுகிறீர்கள் என்று யோசித்துச் சொல்லுங்கள், ஹீல்ஸ் போடும் லேடீஸுக்கு விரலைக் கொஞ்சம் தூக்கி வைத்தே சேர்ப்பேன், உங்களுக்கு எப்படி வேண்டுமோ அப்படி.

தூக்கி வைத்தே சேர்ப்பாரா! வத்ஸனுக்குத் தலை கிறுகிறுத்தது. எக்கின நிலையிலேயே விரலைப் பூட்டிவிட்டால்? வலியும் கிடையாது, தண்டும் போகாது. இந்த யோசனை ஏன் யாருக்கும் இதுவரை தோன்றவில்லை என்று வியந்துகொண்டே அவர் நேராகக் கரோல் பாகுக்கு மெட்ரோ ஏறினார். இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

கரோல் பாகில் ஒரு கடையில் இருப்பதிலேயே உசந்த ஹீல் வைத்த பூட்ஸைக் கேட்டார். பளபளவென்று செர்ரிப்பழ நிறத்தில், பக்கவாட்டில் ஜிப் வைத்து ஒரு ஜோடி வந்தது. போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். உலகமே கொஞ்சம் கீழே போயிருந்தது. கடைக்காரன் தலை வழுக்கை என்று அப்போதுதான் தெரிந்தது. “ஷாதியா அங்கிள்?” என்று கல்யாணத்தை விசாரித்தான் கடைக்காரன். “ஆமாம்” என்றார் வத்ஸன். யாருக்கு என்று அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது அந்த பூட்ஸை மேஜைமேல் வைத்து, “இதுதான் என் டெய்லி வேர்” என்றார். டாக்டர் பூட்ஸைப் பார்த்தார், வேஷ்டி கட்டின வத்ஸனைப் பார்த்தார், மறுபடி பூட்ஸைப் பார்த்தார். “பஹுத் அச்சா” என்று மட்டும் சொன்னார்.

தீபாவளி கழிந்து ஆபரேஷன். அன்று காலையில் நர்ஸ் ஜிஷா, வத்ஸனின் துணிமணிகளோடு ஒரு பையையும் ஹம்சாவிடம் கொடுத்தாள். கோட்டயத்துப் பெண், டில்லிக்கு வந்து தமிழ் மாமிகளோடு பழகிப் பழகித் தமிழ் பேசுகிறவள். ஹம்சா பையைத் திறந்து செர்ரிப்பழ பூட்ஸை வெளியே எடுத்தாள்.

“இது யாரோடது?”

“அங்கிளோடது ஆன்ட்டி. டெய்லி இதுதான் போடுவாராம்.”

முப்பத்தைந்து வருஷமாக ஒரே மாடல் பாத்ரூம் செருப்பை மாற்றி மாற்றி வாங்கும் புருஷனோடு குடித்தனம் நடத்துகிறவள் ஹம்சா. அவள் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள், ஜிப்பை இழுத்துப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் மறுபடி பைக்குள் வைத்தாள். ஹம்சா ஒன்றும் சொல்லாவிட்டால் பின்னால் நிறையச் சொல்லப்போகிறாள் என்று அர்த்தம்.

உள்ளே வத்ஸனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். பயப்படாமல் இருக்க ஏதோ மருந்தும் ஏற்றினார்கள். அந்த மருந்து உள்ளே போனதும் வத்ஸனுக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்தது. அதற்கு அப்பால் டிரில் ஓடும் சத்தம். “எதிர் ஃபிளாட்ல மாடுலர் கிச்சன் போடறா” என்று ஜிஷாவுக்குத் தகவல் சொன்னார். கால் யாருடையது என்று கேட்டார். உங்களுடையதுதான் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

டிரில் நின்றது. டாக்டர் மெஹ்ரா ஒரு ஸ்டீல் தட்டை வாங்கி அவர் உள்ளங்காலில் தரை மாதிரி அழுத்திப் பிடித்தார். விரலை எந்தச் சாய்வில் பூட்டுவது என்று பார்ப்பதற்கு அதுதான் வழி. “அங்கிள்ஜி, அந்த பூட்ஸ் நிஜமாவே தினமும் போடுவீங்களா? அந்த ஹீலுக்கு வைத்தால் விரல் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வீட்டில் என்ன போடுவீங்க?”

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. பொய்யை இன்னொரு தடவை சொன்னால் இடது தண்டு நிலைக்கும். வத்ஸன் வாயைத் திறந்தார். மருந்து அவரை முந்திக்கொண்டது.

“வீட்ல செருப்பா? ராம ராமா! எங்காத்துல வாசலோட சரி. வெறுங்கால்தான் டாக்டர் சாப், நங்கே பாவ்! கோவிலுக்கும் நங்கே பாவ், பல்லக்குக்கும் நங்கே பாவ். பூட்ஸ் கரோல் பாக்ல வாங்கினது, ஒரு நாள்கூடப் போடலை. விஸ்வநாதன் உசரம், நான் குள்ளம். எக்கி எக்கித்தான் பெருமாளைத் தூக்கினேன். எக்கினபடியே பூட்டிடுங்கோ டாக்டர், ப்ளீஸ், இல்லேன்னா என்னை எடுத்துடுவா. என்னை மட்டும் எடுத்துடாதீங்கோ!”

பாதி தமிழ், பாதி இந்தி, கடைசியில் அழுகை. டாக்டர் ஜிஷாவைப் பார்த்தார். ஜிஷா எல்லாவற்றையும் இந்தியில் சொன்னாள். பல்லக்கு என்றால் என்ன, பெருமாள் எவ்வளவு பெரியவர், விஸ்வநாதன் யார் என்று தனக்குத் தெரியாததையும் சேர்த்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மயக்க மருந்து டாக்டர் மூக்கை உறிஞ்சினார். மெஹ்ராவுக்கு முதல் தடவையாக ஜோக் எதுவும் வரவில்லை. “வெறுங்கால் என்றால் வெறுங்காலுக்குத்தான்” என்று ஸ்டீல் தட்டை மறுபடி அழுத்தி, விரலின் சதை தட்டைப் பதமாகத் தொடும்படி வைத்து ஸ்க்ரூவை முடுக்கினார்.

வெளியே வந்த ஜிஷா ஹம்சாவிடம், “ஆபரேஷன் நல்லபடியா ஆச்சு ஆன்ட்டி. அங்கிள் நல்ல தமாஷாணு கேட்டோ” என்று பாதி மலையாளத்தில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். வத்ஸனுக்கு நினைவு தெளிந்தபோது தான் சொன்னது எதுவும் ஞாபகமில்லை. விரல் தட்டையாக இருப்பதைப் பார்த்து, டாக்டர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தார்.

குதிகாலில் மட்டும் எடை தாங்கும் ஒரு வினோதச் செருப்பைக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் தத்தித் தத்தி நடந்தார். வாத்து வருது என்று ஹம்சா வழிவிட்டாள். விஸ்வநாதன் அடிக்கடி பார்க்க வந்தார். வந்தால் உட்கார மாட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, “எப்படிடா இருக்கே? சரி, அப்புறம் வரேன்” என்று கிளம்பிவிடுவார். முன்பெல்லாம் வந்தால் இரண்டு காபி குடிக்காமல் எழுந்திருக்காத மனிதர். வத்ஸனுக்கு அது உறுத்தியது. அதற்குமேல், விஸ்வநாதன் தன் மருமான் அர்விந்தைக் கோவிலுக்குக் கூட்டிவந்து காரியதரிசிக்கு அறிமுகம் செய்து வைத்தார், பையன் ஆறடி, பங்குனி உத்திரத்துக்குத் தண்டின் கீழ் நிற்கப்போகிறான் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. வத்ஸன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஹம்சா தோசை வார்த்துக் கொடுத்தும் சாப்பிடவில்லை.

“அவனுக்கு ஏத்த உசரமா ஆளைப் பிடிச்சுட்டான்” என்றார் சுவரைப் பார்த்து.

“அவரைக் கேளுங்கோளேன்.”

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? நானே ஒதுங்கிக்கறேன்னு சொல்லிடறேன். குடை பிடிக்கிறேன். குடையும் ஒரு கைங்கர்யம்தானே.”

ஹம்சா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வத்ஸன் அவள் அழுகிறாள் என்று நினைத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானமே விசாலாக்ஷிக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினாள். இந்தப் பக்கமும் சிரிப்பு, அந்தப் பக்கமும் சிரிப்பு. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள்.

எலும்பு ஒட்டிவிட்டதா என்று கடைசியாக எக்ஸ்ரே பார்க்கும் நாள். நல்ல பனி. வத்ஸனும் ஹம்சாவும் டாக்டர் மெஹ்ராவின் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்தார்கள். எதிர் வரிசையில் ஒரு உருவம். மங்கி கேப்பை இமை வரைக்கும் இழுத்துவிட்டு, மேலே மாஸ்க்கும் போட்டுக்கொண்டு சுவரோரமாகத் திரும்பியிருந்தது. முகத்தை மறைத்து என்ன பயன்? கால்கள் பாதி வராந்தாவை அடைத்துக்கொண்டு நீட்டியிருந்தன. மயூர் விஹாரில் அவ்வளவு நீளக் கால் ஒருத்தருக்குத்தான் உண்டு.

“விஸ்வநாதா?”

உருவம் கேப்பை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டது.

“டேய், உன்னைத்தான். இங்க என்ன பண்றே?”

மாஸ்க்குக்குள்ளிருந்து, “ஒரு ஃப்ரெண்டைப் பார்க்க வந்தேன்” என்று பதில் வந்தது.

“எந்த ஃப்ரெண்டு?”

கொஞ்சம் யோசனை. “நீதான்.”

அந்த நேரம் அட்டெண்டர் கதவைத் திறந்து, “விஷ்வநாத்! அரே, குட்னேவாலே அங்கிள் கஹான் ஹை? இரண்டு முழங்காலும் போச்சே, அந்த அங்கிள்!” என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூவினான். விஸ்வநாதன் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். எழுந்தபோது அவர் முழங்கால்கள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சர்தார்ஜி விழித்துக்கொண்டார்.

வத்ஸனுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. உட்காராமல் போனது, காபி குடிக்காமல் போனது.

“முழங்காலுக்கு என்னடா?”

“வயசாச்சு, வேற என்ன.”

“வயசு எனக்கும்தான் ஆச்சு. என் முழங்கால் நன்னாதானே இருக்கு.”

“சொல்லுங்கோ” என்றது ஒரு குரல். விசாலாக்ஷி தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் டாக்டரிடம் நேரம் வாங்கியது அவளும் ஹம்சாவும்தான். “இத்தனை நாள் மறைச்சது போதும், அவர்கிட்டயே சொல்லுங்கோ.”

விஸ்வநாதன் மங்கி கேப்பைக் கழற்றிக் கையில் கசக்கினார். நெடிய உருவம், தப்புச் செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றது. “மொதல் வருஷம் ஞாபகமிருக்கா? பல்லக்கு உன் பக்கம் சாஞ்சுது. அந்தக் காரியதரிசி வேற ஆளைத் தேடினார். உன் மூஞ்சியைப் பார்த்தேன். பாவமா இருந்துது. சரின்னு முழங்காலை மடக்கினேன். பல்லக்கு நேராயிடுத்து. அப்புறம் நிமிரவே இல்லடா. நிமிர்ந்தா உன்னை எடுத்துடுவா.”

வத்ஸன் தன் இடது காலைச் சுட்டிக் காட்டினார். “நான் எக்கினேனேடா!”

“எதுக்கு எக்கினே?”

“உன் உசரத்துக்கு வர்றதுக்கு!”

“நான்தான் கீழ இறங்கி வந்துட்டேனேடா!”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் ஏற, ஒருத்தன் இறங்க, ரொம்ப ஏறிவிட்டோமோ என்று அவன் தாழ, ரொம்பத் தாழ்ந்துவிட்டோமோ என்று இவன் நிமிர. அதுதான் மயூர் விஹார் நடை. அதைத்தான் நொய்டாக்காரர்கள் வீடியோ எடுத்தார்கள். முதலில் விஸ்வநாதனின் தோள் குலுங்கியது. அப்புறம் வத்ஸன் சுவரைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்ட, பேச முடியாமல் ஒருத்தர் தோளை ஒருத்தர் அடித்துக்கொள்கிற சிரிப்பு. என்ன ஏது என்று தெரியாமல் சர்தார்ஜியும் சேர்ந்து சிரித்தார். டாக்டர் மெஹ்ராவே வெளியே எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கினதும் வத்ஸன் மெதுவாகக் கேட்டார். “அப்போ அர்விந்த்?”

“அவனை எனக்குப் பதிலாத்தான் கொண்டுவந்தேன். என் முழங்கால் தாங்குமோ தாங்காதோன்னு பயமா இருந்துது. உனக்குப் பதிலா நான் எப்படிடா ஒருத்தனை நிறுத்துவேன்?”

வத்ஸனுக்கு மூக்கு நுனி எரிந்தது. மூக்கைச் சிந்தும் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

எக்ஸ்ரேயில் எலும்பு ஒன்றாகிவிட்டிருந்தது. பல்லக்கைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூட ஓடலாம் என்றார் டாக்டர். விஸ்வநாதனுக்கு மடக்காமல் நிமிர்ந்து நட, தினமும் உடற்பயிற்சி செய், அதுவே பாதி வைத்தியம் என்றார். நிமிர்ந்து தூக்கலாமா என்று கேட்டதற்கு, நிமிர்ந்து எதையும் தூக்கலாம் என்றார். அப்படியானால் உயர வித்தியாசத்துக்கு என்ன செய்வது? இரண்டு ஆண்களும் நெற்றியைச் சுருக்கினார்கள். பலகை கட்டலாமா, தண்டை வளைக்கலாமா, பின்பக்கம் போய்விடலாமா என்று ஆட்டோவில் வீடு வரைக்கும் ஆலோசனை நடந்தது.

“ஏன்னா” என்றாள் ஹம்சா, சாவியால் கதவைத் திறந்துகொண்டே. “ஒரு டர்க்கி டவலை நாலா மடிச்சு உங்க தோள்ல போட்டுண்டா ஆகாதா?”

இரண்டு ஆண்களும் ஒருவர் தோளை ஒருவர் பார்த்தார்கள்.

“அந்தச் செர்ரி கலர் பூட்ஸைவிட விலை குறைச்சல்தான்” என்றும் சொன்னாள். வத்ஸனுக்கு அப்போதுதான் அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது தெரிந்தது.

பங்குனி உத்திரம். பூங்காவில் போகன்வில்லா கொட்டிக் கிடந்தது. ஆறடி அர்விந்தைப் பின்தண்டில் நிறுத்தியிருந்தார்கள். வத்ஸன் இடது தோளில் மஞ்சள் டவல், விஸ்வநாதன் வலது தோள் வெறுமையாக. “கோவிந்தா!” என்று பல்லக்கு எழுந்தது. வத்ஸனுக்குப் பழக்கத்தில் குதிகால் எழப் பார்த்தது. கட்டைவிரல் முடியாது என்றது. பாதம் முழுக்கத் தரையில் பதிந்தது. டில்லியின் தார்ச்சாலை இவ்வளவு இதமாகச் சுடும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. பக்கத்தில் விஸ்வநாதன் முதல் தடவையாக நிமிர்ந்து, தன் முழு உயரத்தில் நின்றார். பல்லக்கு இம்மி பிசகாமல் நேராக இருந்தது.

நேராகப் போனது. கேட்டைத் தாண்டி, வேகத்தடையைத் தாண்டி, இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே, லிஃப்டில் போகிற மாதிரி ஆடாமல் அசையாமல் போனது. வத்ஸனுக்குப் பெருமை தாங்கவில்லை. வலியே இல்லை! காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு, மாமிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

“ஏண்டி, பெருமாள் ஏன் இப்படி விறைச்சுண்டு போறார்?”

“கோவமா இருக்காரோ என்னமோ.”

“நடையே போயிடுத்தே! வத்ஸன் மாமாவுக்குக் காலை வெட்டிட்டாளாமே, அதான்.”

வத்ஸன் நேரே பார்த்துக்கொண்டு நடந்தார். சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தார். வலது பக்கமிருந்து, உதடு அசையாமல் ஒரு குரல் வந்தது. “தானா வரணும்னு சொன்னியே. வரலையேடா.”

அவ்வளவுதான். வத்ஸனின் வயிறு குலுங்கியது. வயிறு குலுங்கினதில் தோள் குலுங்கியது, தோளிலிருந்து தண்டுக்குப் போனது. அந்தப் பக்கம் விஸ்வநாதன் எப்போதோ ஆரம்பித்துவிட்டார். அடக்க அடக்கச் சிரிப்பு அதிகமாயிற்று. “மாமா, என்ன ஆச்சு, நிறுத்தட்டுமா?” என்று அர்விந்த் பின்னாலிருந்து பதறினான். யாரால் பதில் சொல்ல முடியும்? மேலே பெருமாள், மாலைகள் அசைய, குடை அசைய, முன் எப்போதும் இல்லாத ஒய்யாரத்தோடு ஆட ஆரம்பித்தார்.

“வந்துட்டார், வந்துட்டார்!” என்று மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எதிரே சாப்பாட்டுப் பெட்டியோடு வந்த டெலிவரிக்காரன் பைக்கை ஓரம் கட்டிப் போனை எடுத்தான். ஹம்சா மட்டும் பெருமாளைப் பார்க்கவில்லை. வத்ஸன் அன்று வேஷ்டியைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார். அவருடைய இரண்டு குதிகாலும் தரையில் இருந்தன.